கிராவல் பைக்கும் தாய்மாமன் மடியும்: தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு மண் பாதையில்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு நல்ல தார் ரோடு இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் இறக்கி விட்டுவிடுவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பயணத்தில் நான் சந்தித்த அத்தனை பேரும் இதைத்தான் என்னிடம் சொன்னார்கள்.

போன தை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பொன்கனியின் மகளுக்குத் திருச்செந்தூரில் காதுகுத்து. குழந்தை பெயர் யாழினி, பதினோரு மாதம். நல்ல நேரம் காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை. எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். வேறு தாய்மாமன் கிடையாது, கூடப் பிறந்தது நாங்கள் இரண்டே பேர்.

எல்லோரும் காரில் போவதாக ஏற்பாடு. நான் மட்டும் சைக்கிளில் வருகிறேன் என்றேன். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அதற்குக் காரணம் உண்டு. பொன்கனியின் கல்யாணத்தன்று காலையில் "ஒரு சின்ன ரவுண்டு" போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவன், இரண்டு பஞ்சர் ஆகி, தாலி கட்டி முடித்த பிறகு மண்டபத்துக்குள் நுழைந்தேன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மேடைக்கு அழைத்து வர வேண்டியவன் பெண்ணின் அண்ணன். ஆல்பத்தில் அந்த போட்டோவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது என் பெரியப்பா மகன். நான்கு வருடமாக வீட்டுக்கு யார் வந்தாலும் பொன்கனி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுவாள்.

"இந்தத் தடவையும் வரலன்னா, எனக்கு அண்ணனே இல்லன்னு நெனச்சுக்கிடுவேன்" என்று போனில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். என் மனைவி ஜெயா கம்மல் பெட்டியைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "கம்மலு, கவுனு, சீர்த்தட்டு எல்லாம் நான் கொண்டு வாரேன். நீங்க ஒங்க மடிய மட்டும் கொண்டு வந்து சேருங்க" என்றாள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் சைக்கிள் என்று கேட்பீர்கள். புதிதாக ஒரு கிராவல் பைக் வாங்கியிருந்தேன். அது மோட்டார் வண்டி இல்லை, சைக்கிள்தான். ஹேண்டில்பார் கிடாக் கொம்பு மாதிரி வளைந்திருக்கும், டயர் தடிமனாக இருக்கும். தார் ரோடும் போகலாம், மண் பாதையும் போகலாம். உப்பளம், ஆற்றங்கரை, பனங்காடு, தேரிக்காடு எல்லாவற்றையும் கோத்து ஐம்பத்தேழு கிலோமீட்டருக்கு ஒரு பாதையை போன் வரைபடத்தில் சிவப்புக் கோடாகப் போட்டு வைத்திருந்தேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குப் போய்விடலாம், ஒரு மணி நேரம் கையில் மிச்சம் என்பது என் கணக்கு. அந்த மிச்சத்தைப் பற்றி நான் ரொம்பப் பெருமையாக இருந்தேன்.

சொன்னபடி ஐந்தரைக்குக் கிளம்பினேன். ஊர் எல்லை தாண்டியதும் இடது பக்கம் உப்பளத்து வரப்புகள் ஆரம்பிக்கின்றன. மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சரிசெய்யத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் நிற்கும் பாத்திகளுக்கு நடுவே இறுகிய மண் வரப்பில் டயர் சத்தமே இல்லாமல் உருண்டது. ஆறரை மணி சுமாருக்குச் சூரியன் கடலுக்கு மேலே வந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர் சிவந்தது. நின்று பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. ஒரு நாய் முந்நூறு மீட்டர் துரத்தியதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். இங்கே எல்லா வரப்பும் பொதுவழி இல்லை, லாரி போகிற அகலமான பாதையிலேயே போங்கள். வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பழையகாயலில் ஏழு மணிக்கு டீ, பன்னிரண்டு ரூபாய், கூட ஒரு உளுந்த வடை. பதினெட்டு கிலோமீட்டர் முடிந்திருந்தது. கடைக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஹேண்டில்பாரு எங்கயும் மோதி வளைஞ்சு போச்சா அண்ணாச்சி?" என்று விசாரித்தார். இல்லை, செய்யும்போதே இப்படித்தான் என்றேன். வளைந்ததை இவன் தலையில் கட்டிவிட்டார்கள், பாவம் என்கிற மாதிரி பார்த்தார்.

முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டி ஆத்தூர் வரை தார் ரோடுதான். பச்சை வேட்டி கட்டிப் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சைக்கிள்ல போனா முருகன் பாதி புண்ணியந்தான் தருவாரு சாமி" என்று கத்தினார். மீதிப் பாதியை மணலில் தள்ளிக்கொண்டு நடந்து சம்பாதிக்கப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. எட்டு மணிக்கு ஆறுமுகநேரி, முப்பது கிலோமீட்டர். நேராகப் போனால் காயல்பட்டினம் வழியாகப் பதினோரு கிலோமீட்டரில் திருச்செந்தூர். எட்டேமுக்காலுக்கெல்லாம் மண்டபத்தில் உட்கார்ந்து கேசரி தின்றிருக்கலாம். நான் சிவப்புக் கோட்டைப் பார்த்து மேற்கே திரும்பினேன்.

முதல் ஆறு கிலோமீட்டர் இந்தப் பயணத்திலேயே அருமையான பகுதி. இரண்டு பக்கமும் பனை, நடுவில் மாட்டுவண்டித் தடம், அடியில் கெட்டியான செம்மண். அதற்குப் பிறகு தேரி வருகிறது. தேரி என்றால் செக்கச்செவேலென்ற மணல் மேடு. அங்கங்கே கொல்லாமரம் என்கிற முந்திரியும் முள் நிறைந்த உடைமரமும் நிற்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது. வனத்துறை பலகை வைத்திருக்கிறது, நானும் அதன் வெளி எல்லையை ஒட்டிய வண்டிப்பாதையில்தான் போனேன். பாதை என்று சொன்னது வரைபடம். என் முன் டயர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, கால் அடி மணலில் புதைந்து நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன். மூன்று கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். சைக்கிளில் நான் வந்தேனா, என்னோடு சைக்கிள் வந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

கெட்டி மண்ணுக்கு வந்து ஏறி உட்கார்ந்தபோது முன் டயரில் உடைமுள் ஏறியிருந்தது. காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பம்பால் அடித்து அடித்து ஓட்டி, ஒன்பதே இருபதுக்கு ஒரு குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தேன். அந்த ஊரின் பெயரை நான் எழுத மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கரையில் ஒரு மொபெட்டை நிறுத்திவிட்டு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சுடலை அண்ணாச்சி என்பது பிறகு தெரிந்தது. திருச்செந்தூருக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர். மணலுக்குப் பயந்து போயிருந்த நான், இனிமேலாவது கெட்டியான பாதை கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள, ஒரு கேள்வி கேட்டேன். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்வியால் வந்ததுதான்.

"அண்ணாச்சி, இங்கன நல்ல கிராவல் எங்க இருக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு?"

"ஓட்டத்தான்."

"எத்தன நடை?"

"இன்னைக்கு ஒரு நடைதான் அண்ணாச்சி. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாத்துட்டு?"

"நல்லா இருந்தா அடுத்த மாசம் பத்துப் பதினஞ்சு பேரு வருவோம்."

"பத்துப் பதினஞ்சு வண்டியா?"

"ஆமா, ஆளுக்கு ஒரு வண்டி."

"ராத்திரியா, பகலா?"

"ராத்திரி சரிவராது அண்ணாச்சி. விடியக்காலையில யாரும் இல்லாதப்ப வந்துட்டுப் போயிட்டா ஒரு தொந்தரவும் இல்ல."

நல்ல ஆர்வமாகக் கேட்கிறாரே என்று நினைத்து, போனை எடுத்துச் சிவப்புக் கோட்டையும் காட்டினேன். அவருடைய குளத்துக் கரையைச் சுற்றி அந்தக் கோடு அழகாக வளைந்து போயிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, "ஏலே, கெளம்பி கரைக்கு வாங்கலே. ஆளு ஆப்புட்டாச்சு" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஊர்களில் கிராவல் என்றால் வீட்டு அஸ்திவாரத்துக்கும் ரோட்டுக்கும் போடுகிற செம்மண். அதை டிப்பர் லாரியில் அள்ளுவார்கள். நடை என்றால் லாரி போய் வருகிற தடவை. அந்தக் குளத்தில் சில மாதங்களாக யாரோ இருட்டோடு வந்து அனுமதியில்லாமல் கிராவல் அள்ளி, கரையில் ஆள் உயரப் பள்ளம் தோண்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஊரே முறைபோட்டுக் காவல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முறை சுடலை அண்ணாச்சியுடையது. நான் இருபத்தைந்து வருடமாக இந்த மாவட்டத்தில் தமிழ் பேசிக்கொண்டு திரிகிறவன். சைக்கிள் வாங்கிய ஆறு மாதத்தில் கிராவல் என்றால் எனக்கு சைக்கிள் மட்டும்தான் என்று ஆகிவிட்டிருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்து நிமிடத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவர் என் சைக்கிளை வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினார். அவர்களோடு ராஜாத்தி அக்கா வந்தார். முன்பு பஞ்சாயத்துத் தலைவியாக இருந்தவராம். இப்போது பதவி இல்லை, ஆனால் ஊரில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்ததும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அக்கா, கிராவல்ங்கிறது இந்த சைக்கிள் பேரு. மண் ரோட்டுல ஓட்டுறதுக்குன்னே செஞ்சது" என்றேன்.

"தார் ரோடு அங்கன இருக்கில்லா? அத விட்டுட்டு மண்ணுல எதுக்கு ஓட்டணும்?"

"அது... ஒரு ஆசைதான்க்கா."

"நாங்க இந்த ரோட்டுக்குத் தார் போடுங்கன்னு எத்தன வருசமா மனு கொடுக்கோம். நீரு தார் ரோட்ட விட்டுட்டு இத தேடி வந்தேன்னு சொல்லுதீரு. நம்புத மாதிரியா இருக்கு?"

நியாயமான கேள்வி. எட்டுப் பேரும் தலையை ஆட்டினார்கள், நானும் ஆட்டிவிட்டேன். அப்புறம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நான் பயணக் கட்டுரை எழுதுகிறவன், இந்த ரோட்டைப் பற்றி அருமையான ரோடு என்று எழுதப் போகிறேன் என்றேன்.

சுடலை அண்ணாச்சி எழுந்தே விட்டார். "என்னவே, வெளையாடுதீரா? இத அருமையான ரோடுன்னு எழுதிப் போட்டா எங்களுக்கு எவன்வே தார் போடுவான்?"

இப்படியாக மண் திருடன் என்ற குற்றத்தோடு, ஊர் வளர்ச்சியைக் கெடுக்க வந்தவன் என்கிற குற்றமும் சேர்ந்தது. மணி பத்து. போனில் பதினோரு தவறிய அழைப்புகள், எல்லாம் பொன்கனி. கல்யாண ஆல்பத்தின் அந்தப் பக்கம் கண்ணுக்குள் வந்து நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. சைக்கிளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்னை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது மறுபடி போன் அடித்தது. ராஜாத்தி அக்கா கையை நீட்டி வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"அண்ணே, எங்க நிக்க? மணி என்ன ஆவுது!"

"ஏம்மா, ஒங்க அண்ணன் இங்கன எங்க குளத்தங்கரையில இருக்காரு. கிராவல் கேட்டு வந்தாருன்னு பிடிச்சு வச்சிருக்கோம்."

அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"அய்யோ அக்கா, அது அந்தப் பாழாப்போன சைக்கிள் பேருக்கா. ஆசாரி ஊசியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. எம் பிள்ளைக்குக் காது குத்தணும். அவன்தான் தாய்மாமன். அவன என்ன வேணா செய்ங்க, பதினொண்ணரைக்குள்ள அவன் மடி மட்டும் இங்க வந்தாப் போதும்!"

ஒருவர் வேப்பமரத்தில் சைக்கிளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் போனார். இன்னொருவர் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சுடலை அண்ணாச்சிக்குத்தான் என்மேல் கோபம் இரண்டு மடங்கானது.

"தாய்மாமனா? மொதல்லயே சொல்ல வேண்டியதுதானவே! கிராவலு கிராவலுன்னு என்னத்துக்கு ஒளறிக்கிட்டு நிக்கீரு? பச்சப்பிள்ள காத்திருக்கு!"

முன் டயர் அதற்குள் சப்பளிந்து போயிருந்தது. மொபெட்டில் பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. அப்போது மேற்கிலிருந்து ஹாரன் சத்தம். ஒரு டிப்பர் லாரி, நிறையக் கிராவல். எட்டுப் பேரும் ரோட்டை மறித்தார்கள். ராஜாத்தி அக்கா டிரைவரிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, எழுத்துக் கூட்டாத குறையாக வரி வரியாக வாசித்தார். வேறு ஊர் பட்டா நிலத்து மண், சீட்டு சரியாக இருந்தது. திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ் கட்டுகிற இடத்துக்குப் போகிறது.

"சரி. இவரையும் ஏத்திக்கிட்டுப் போ. தாய்மாமன், பாத்து ஓட்டு" என்றார். பிறகு என்னிடம், "எங்க ரோட்டப் பத்தி நல்லதா ஒரு வார்த்த எழுதப்பிடாது. பேரும் போடப்பிடாது" என்றார். சத்தியம் செய்தேன்.

கிராவல் பைக்கைத் தூக்கிக் கிராவலுக்கு மேலே படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். நானே மேலே ஏறி நின்று கட்டியதால் இடுப்புவரை சிவப்பாகிவிட்டேன். முன்னால் ஏறி உட்கார்ந்தால், பக்கத்தில் சுடலை அண்ணாச்சியும் ஏறிவிட்டார். "காது குத்துதது நெசந்தானான்னு பாத்துட்டு வந்துருதேன்" என்றார். பத்தே இருபதுக்கு லாரி கிளம்பியது. போகிற வழியில் டிரைவர் தம்பி, "மேல கட்டியிருக்கே, அதுக்குப் பேரு என்னண்ணே?" என்று கேட்டார். "சைக்கிள்" என்றேன்.

மணி பத்து ஐம்பத்தைந்துக்கு மண்டப வாசலில் டிப்பர் நின்றது. சீர்த்தட்டோடு ஜெயா, நெற்றியில் கைவைத்தபடி அம்மா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொன்கனி. மூன்று பேரும் லாரியைப் பார்க்கவில்லை, ரோட்டின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குதித்து இறங்கியபோது பொன்கனிதான் முதலில் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், மண்ணுக்கு மேலே கிடந்த சைக்கிளைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டாள்.

ஜெயா பட்டு வேட்டியை நீட்டினாள். ஆசாரி, "நேரம் ஆவுது, வேட்டியெல்லாம் பொறவு கட்டிக்கிடலாம், உக்காரும்" என்றார். முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டு, அரைக்கால் டவுசரோடும் செம்மண்ணோடும் மணையில் உட்கார்ந்தேன். நான் எடுத்துக் கொடுத்திருந்த வெள்ளைக் கவுனில் யாழினியை மடியில் வைத்தார்கள். முதல் காதுக்கு அவள் அழவே இல்லை, என் தாடியிலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது காதுக்கு இரண்டு காதுக்கும் சேர்த்து அழுதாள். முன்வரிசை நாற்காலியில் சுடலை அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தியில் பொன்கனியின் மாமனார் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி எந்தத் தொழில்ல இருக்காப்ல?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பொன்கனி, "கிராவல்ல இருக்கான் மாமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். நான்கு வருடமாக அந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதை அந்த நிமிடத்தில் கிடைத்தது. என் இலையில் இரண்டாவது தடவையாகப் பாயசம் விழுந்தது. மாமனார் குனிந்து, "வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் பள்ளம் கெடக்கு. ஒரு பத்து லோடு அடிச்சுத் தர முடியுமா?" என்றார். எதிர்ப்பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த சுடலை அண்ணாச்சியின் கை அப்படியே நின்றது. "வே!" என்றார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. தையிலும் மாசியிலும் போங்கள். சித்திரையில் தேரி மணல் கொதிக்கும், ஆடியில் காற்று உங்களைக் கடலுக்கே கொண்டுபோய்விடும். உப்பளம் ஏழு கிலோமீட்டர், பனங்காடு ஆறு கிலோமீட்டர், இவை இரண்டும் ஓட்டுவதற்கு ஏற்றவை. தேரியில் ஓட்ட முடியாது, தள்ளத்தான் முடியும். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு டியூப், உடைமுள் பிடுங்க ஒரு குறடு அவசியம். திரும்பும்போது நான் பஸ்ஸில் வந்தேன், சைக்கிள் பழைய டயர்க்காரர் ஒருவரின் லோடு ஆட்டோவில் வந்தது. குளத்தங்கரை ஊர் ரோடு மிக மோசம். குண்டும் குழியும், தார் என்பதே கிடையாது, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். கிராவல் பைக் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். வழி கேட்கும்போது மட்டும் தயவுசெய்து "மண் ரோடு" என்று கேளுங்கள்.

போன வாரம் பொன்கனி புது ஆல்பம் கொண்டுவந்தாள். முதல் பக்கத்திலேயே என் மடியில் யாழினி. வெள்ளைக் கவுனில் என் இரண்டு தொடையும் செம்மண்ணில் அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தது. புதுக் கவுன் வீணாகிவிட்டதே, எந்த சோப்புக்காவது அந்தக் கறை போனதா என்று கேட்டேன்.

"தொவைக்கவே இல்லண்ணே, மடிச்சு பீரோவுல வச்சிருக்கேன்" என்றாள். "நீ வந்தேங்கிறதுக்கு எனக்கும் ஒரு அத்தாட்சி வேணும்லா."